தில்பசந்த் வந்த வழி

1

இன்று காலை வேலைக்குக் கிளம்பினால் தெருமுனையில் நடைபாதையை மறித்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை. மரத்தின் வேர் நடைபாதையைத் தூக்கிவிட்டதாம், சரிசெய்கிறார்களாம், நமக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறார்களாம், யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் நகராட்சியைக் கூப்பிட்டுச் சொல்லலாமாம். எனக்கு ஏற்பட்ட சிரமம், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நடந்தது. அவ்வளவுதான்.

பலகையின் முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். நாயோடு நடந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், எல்லாம் நலம்தானே என்று விசாரித்தார். "நலம்தான். எங்கள் ஊரில் ஒரு சுவர் இருந்தது, அதை நினைத்துக்கொண்டேன்" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நாயைக் கொஞ்சம் வேகமாக இழுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சுவர் விழுந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. ஆஸ்திரேலியாவில் உட்கார்ந்துகொண்டு நான் கொண்டாடுகிற ஒரே சுதந்திர தினம் இதுதான். இந்த ஊர்க்காரர்களிடம் சொன்னால் நாயை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

2

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெசிந்தா. ஓசூரில் ஜூஜுவாடிப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு கம்பெனியில் சின்னச் சின்ன மின்சாதனங்களைப் பொருத்தும் வேலை பார்த்தேன். கணவர் சேவியருக்குப் பெர்த் நகரத்தில் லேத் வேலை கிடைத்தபோது மகள் ரீனாவுக்குப் பால்பல்கூட விழவில்லை. இப்போது அவள் கார் ஓட்டப் பழகுகிறாள். நான் ஒரு மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் கத்திகளையும் கத்தரிகளையும் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் பிரிவில் இருக்கிறேன்.

எங்கள் தெருவுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் ஓர் அரசுத் துறையின் கிடங்கு இருக்கிறது. எந்தத் துறை என்று எழுதப் போவதில்லை. வழக்கு முடிந்துவிட்டது, வம்பு வேண்டாம். அந்தக் கிடங்கை ஒட்டிக் கல் பாவிய ஒரு வழி இருந்தது. சைக்கிளும் எருமையும் எதிரெதிரே வந்தால் சைக்கிள்தான் பின்வாங்க வேண்டும், அவ்வளவு அகலம். ஆனால் அதில் நடந்தால் நேராகக் கம்பெனி பஸ் நிற்கும் இடம். முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் இருட்டோடு எழுந்து, தலையில் ஈரம் காயாமல், அந்த வழியாகத்தான் ஓடுவோம். நானும் அப்படி ஓடியவள்தான்.

கொரோனா ஊரடங்கில் ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் பால் பாக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், துறை அந்த வழியின் இரண்டு முனையிலும் சுவர் எழுப்பிவிட்டது. ஊரடங்கு முடிந்து தெரு வெளியே வந்து பார்த்தால் வழியைக் காணோம். கேட்டதற்கு, "இது கிடங்குக் காம்பவுண்டு, இங்கே எப்பவும் வழி இருந்ததில்லை" என்று பதில் வந்தது. இருந்த வழியை அடைத்தோம் என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இருந்ததே இல்லை என்றார்கள்.

அதற்குப் பிறகு பஸ்ஸுக்குப் போக வேண்டுமானால் சர்வீஸ் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வெளிமாநில லாரிகள் இரவெல்லாம் நிற்கும் இடம். விளக்கு கிடையாது. எங்கள் பிலோமி அக்கா, என் கூடப்பிறந்தவள், அதே கம்பெனியில் லைன் லீடர். அவளுடைய லைனில் மாதேவி என்று ஒரு பெண். அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம். பஸ்ஸே சரியாக வராத ஊரிலிருந்து வந்து, எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கி, ஒரு வருடத்தில் லைனிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியவள். ஒரு விடியற்காலையில் லாரிகளுக்கு நடுவே இரண்டு பேர் அவளை வழிமறித்தார்கள். கத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாளே அவள் அப்பா வந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு அக்கா என்னைக் கூப்பிட்டுப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"போலீசுல சொன்னோம், ரெண்டு நாளு ரோந்து வந்தாங்க. பத்தாதுடி. அந்த வழி தொறக்கணும். தொறந்துட்டு, நானே அஞ்செட்டிக்குப் போயி அந்தப் புள்ளயக் கூட்டியாருவேன். கேசு போடப் போறேன்."

"யாரு மேல?"

"கவர்மெண்ட் மேலதான். வேற யாரு சுவரு கட்டுனா?"

நான் பயந்துபோனேன். அக்காவின் பையன் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். சர்க்காரோடு மோதி யார் ஜெயித்தது, நாளைக்கு ஒரு சான்றிதழுக்குப் போய் நிற்க வேண்டாமா என்றார்கள். அக்கா ஒரே பதில் வைத்திருந்தாள். "நான் மோதலைங்க. கேக்கறேன்."

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அரசாங்கத்தின் மீது வழக்குப் போட வேண்டுமானால் இரண்டு மாதம் முன்னாலேயே, வழக்குப் போடப் போகிறேன் என்று நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அக்கா அனுப்பினாள். பதில் வரவில்லை. வழக்கு முன்சீப் கோர்ட்டில் ஏறியது. வாதி பிலோமினா, பிரதிவாதி அரசாங்கம். அந்தத் தாளைத் தன் மகனின் போனில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். பள்ளிக்கூட மார்க்‌ஷீட்டைக்கூட அவள் அப்படிக் காட்டியதில்லை.

3

வழி இருந்ததா இல்லையா என்று நேரில் பார்த்து அறிக்கை தர, நீதிமன்றம் ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தது. அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. வந்தவர் சின்னப் பெண். அக்காவுக்கு அவரைப் பார்த்ததும் நம்பிக்கை வரவில்லை. "காலேஜ் பொண்ணாட்டம் இருக்குது, அந்தத் துறை ஆபீசரு முன்னாடி இது வாயத் தொறக்குமா?" என்று எனக்கு வாட்ஸாப்பில் புலம்பினாள்.

அதிகாரி கிடங்கு வாசலில் நின்று கமிஷனரை வரவேற்றார். சுற்றிக் காட்டினார். கிடங்குக்குப் பின்பக்கம் முழுக்க உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டியிருந்தது. "அங்க ஒண்ணும் இல்லம்மா, பாம்பு இருக்குது" என்றார். அக்காவும் எங்கள் வக்கீலும் கூடவே போனார்கள். செடிக்குள் எதுவும் தெரியவில்லை. அளக்க வந்த சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று நின்றார். அக்கா சொல்வாள், "அப்பவே முடிஞ்சுதுன்னு நெனச்சேன்டி."

வெயில் ஏறியது. அதிகாரிக்கு நம் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? கமிஷனர் எதிரியா என்ன, விருந்தாளி. "யோவ், அம்மாவுக்கு டீ வாங்கியா" என்று காவலாளியிடம் சொன்னார். காவலாளி தூக்கோடு கிடங்கின் பின்பக்கம் போனார். உண்ணிச்செடிக்குள் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் அதே செடிக்குள்ளிருந்து தூக்கு நிறைய டீயும், தாள் பொட்டலத்தில் சூடாகத் தில்பசந்தும் கொண்டு வந்தார்.

ஓசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தில்பசந்த் என்பது தேங்காய்த் துருவலும் டூட்டி ஃப்ரூட்டியும் உள்ளே வைத்த, வட்டமான பேக்கரிப் பண்டம். பெங்களூர்ப் பக்கத்துச் சொத்து. அதில் எங்கள் தெரு பேக்கரிக்கு ஒரு பெயர் உண்டு. மேலே சர்க்கரையைக் கொஞ்சம் கருக விடுவார்கள்.

கமிஷனர் டீயைத் தொடவில்லை. "நான் ரெண்டு பார்ட்டிகிட்டயும் எதுவும் வாங்கிக்கக் கூடாதுங்க சார்" என்றாராம். பொட்டலத்தை மட்டும் ஒரு முறை பார்த்திருக்கிறார். பிறகு காவலாளியிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, பேக்கரி எங்க இருக்குது?"

"இங்கியேம்மா, பின்னாடித் தெருவுல."

"எப்படிப் போனீங்க?"

"இப்பிடித்தாம்மா. நாங்க எல்லாரும் இப்பிடித்தான் போவோம்."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். காவலாளிக்கு எதுவும் பிடிபடவில்லை. கமிஷனர் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாம்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடக் கேட்காமல், தில்பசந்த் வந்த வழியே செடிக்குள் நுழைந்துவிட்டார். சர்வேயர் சங்கிலியோடு பின்னால் ஓடினார்.

உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. நாங்கள் மிதித்து வழுவழுப்பான கற்கள். நடுவில் ஒரு தெருவிளக்குக் கம்பம், அதன் மேல் பெயிண்டில் எழுதிய நகராட்சி எண். கிடங்குக் காம்பவுண்டுக்குள் நகராட்சி எதற்குத் தெருவிளக்குப் போடும்? கடைசியில் எங்கள் தெருப் பக்கச் சுவர். அதில் காவலாளியும் கிடங்கு ஊழியர்களும் ஆள் நுழைகிற அளவுக்குக் கற்களைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் அந்த இடத்தை பேக்கரியின் விறகு அடுக்கு மறைத்திருந்ததால் தெருவுக்கே தெரியாது. எங்களுக்கு இல்லாத வழி அவர்களுக்கு இருந்திருக்கிறது. அதுவும் டீ குடிக்க.

கமிஷனரின் அறிக்கையில் இது எல்லாம் ஏறியது. தில்பசந்தும் ஏறியது. துறையிடமிருந்து ஆட்சேபனை மனு வந்தது. டீ கிடங்குக்கு உள்ளேயே போடப்பட்டது என்று அதில் எழுதியிருந்தார்கள். தில்பசந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்தக் கிடங்கில் அடுமனை இருக்கிறது, பாவம்.

4

இனி சாட்சி வேண்டும். சுவருக்கு முன்னால் வழி புழக்கத்தில் இருந்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும். தெருக்காரர்கள் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார்கள், கூண்டேறத் தயாராக இல்லை. எங்கள் வக்கீல் ஒரு யோசனை சொன்னார். "வெளிநாட்டுல இருக்கற தங்கச்சியக் கூப்பிடுங்க. அவங்களுக்கு இங்க ஒரு சான்றிதழும் வேண்டியதில்ல."

வீடியோவில் சாட்சி சொல்லலாம். ஆனால் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சொல்ல முடியாது. நம் தூதரக அலுவலகத்துக்குப் போய், அங்கே ஓர் அதிகாரியின் முன்னிலையில் சொல்ல வேண்டும். அதாவது, அரசாங்கத்துக்கு எதிராக நான் சொல்லும் சாட்சியை அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, அரசாங்க அதிகாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். இதைக் கேட்ட சேவியர், "பேசாம மாப்பு கேட்டுட்டு வந்துரு" என்றார்.

முதல் தடவை போனேன். அரசு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வாய்தா. இரண்டாம் தடவை போனேன். ஓசூர் கோர்ட்டில் மின்சாரம் போய்விட்டது, வாய்தா. ஒவ்வொரு தடவையும் அரை நாள் விடுப்பு. என் மேலாளர் ஷெரில் நல்ல பெண்மணி. மூன்றாம் தடவை கேட்டபோது, "உங்கள் ஊரில் நடப்பது வழக்கா, ஒத்திகையா?" என்று கேட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கள் அக்கா அரசாங்கத்தையே கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறாள்" என்றேன். அவள் விடுப்புத் தாளைத் திருத்திக்கொண்டே, "அப்படியானால் முழு நாளும் எடுத்துக்கொள்" என்றாள்.

தூதரக அலுவலகத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட அதிகாரியின் பெயர் மஞ்சுநாத். மூன்று தடவையும் அவர்தான். வணக்கம் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். கேமராவைச் சுழற்றி அறையின் நான்கு மூலையையும் கோர்ட்டுக்குக் காட்டினார். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்து, யாரும் இல்லை என்றார். என் கைப்பையை வெளியே வைக்கச் சொன்னார். இவ்வளவு கறாரான ஆளுக்கு முன்னால் உண்மையைச் சொல்வதற்கே நாக்கு குழறும் போல இருந்தது.

திரையில் எங்கள் ஊர் கோர்ட் தெரிந்தது. மேலே விசிறி, கீழே கட்டுக் கட்டாகக் காகிதம், நடுவில் நீதிபதி. நீதிபதியான பிறகு அந்த அம்மாவுக்கு இதுதான் முதல் ஊர் என்று அக்கா சொல்லியிருந்தாள். சத்தியம் வாங்கினார்கள். எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொல்லி முடித்தேன். அரசு வக்கீல் எழுந்தார்.

"நீங்க ஆஸ்திரேலியாவுல இருக்கீங்க. ஓசூருல வழி இருக்குதா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப இருக்குதான்னு தெரியாதுங்க. நான் அதுல நடந்தேன்னு தெரியும்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கெழம நடக்க மாட்டேங்க. அன்னிக்கு லீவு."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை. "அந்த இடத்துல ஒருபோதும் வழியே இருந்ததில்லைன்னு சொல்றேன்" என்றார்.

"சரியில்லைங்க."

நீதிபதி அதைத் தட்டச்சாளருக்கு உரக்கச் சொன்னார்: "அந்த இடத்தில் ஒருபோதும் வழி இருந்ததில்லை என்று சொன்னால் சரியல்ல." என் வாயிலிருந்து வந்த சாதாரணப் பேச்சு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போவதைக் கேட்டேன். "உங்கள் அக்காவுக்காகப் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்று சொன்னால் சரியல்ல." "தெருவிளக்குக் கம்பம் கிடங்குக்காகப் போடப்பட்டது என்று சொன்னால் சரியல்ல." ஐந்தாறு சரியல்லக்களுக்குப் பிறகு அரசு வக்கீல் உட்காரப் போனவர், மறுபடி எழுந்து நீதிபதியைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்.

"யுவர் ஆனர், இது அரசாங்க இடம். ரெவின்யூ, நகராட்சி, இந்தக் கோர்ட்டுக் கட்டடம், எல்லாமே அரசாங்கம்தானே. நாம எல்லாம் ஒரே குடும்பம்..."

நீதிபதி பேனாவை வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க பிரதிவாதி தரப்பு சார். அவங்க வாதி தரப்பு. நான் எந்தத் தரப்பும் இல்ல. உங்க கேள்வி முடிஞ்சுதுன்னா உக்காருங்க."

என் முதுகெலும்பு நிமிர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எங்கள் வழக்கு தோற்றிருந்தாலும் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. அவ்வளவு தூரத்தில், ஒரு சின்னத் திரையில், என் அக்காவும் அரசாங்கமும் ஒரே உயரத்தில் நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மஞ்சுநாத் டிஷ்யூ பெட்டியைக்கூட நகர்த்தவில்லை.

திரை அணைந்தது. மஞ்சுநாத் தன் சான்றில் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், பேனாவை மூடினார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு கன்னடத்தில் ஆரம்பித்தார்.

"அல்லி தாரி இத்து மேடம். நானே ஓடாடித்தினி."

அங்கே வழி இருந்தது, நானே அதில் நடந்திருக்கிறேன் என்கிறார் மனிதர்! ஊர், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆனேக்கல். கல்லூரி நாட்களில் தமிழ்ப் படம் பார்க்க ஓசூருக்கு வருவாராம். எல்லையில் இறங்கி, எங்கள் வழியில் குறுக்கே நடந்து, எங்கள் தெரு பேக்கரியில் தின்றுவிட்டுத்தான் தியேட்டருக்குப் போவாராம். கருகிய சர்க்கரை வரைக்கும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூணு தடவை பக்கத்துல உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அந்த ஆளு வழியே இல்லங்கறாரு, நீங்க சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

அவர் தமிழுக்கு மாறினார். "நான் சாட்சி இல்ல மேடம். நான் ஏதாவது சொல்லியிருந்தா, நீங்க சொன்னதெல்லாம் கெட்டுப் போயிருக்கும். அரசு வக்கீல் அதப் புடிச்சுக்குவார். ரொம்பக் கஷ்டப்பட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." பிறகு கெஞ்சுகிற மாதிரி கேட்டார். "அந்த பேக்கரி இன்னும் இருக்குதா?"

கார் நிறுத்துமிடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன். அரசாங்க ஊழியர் ஒருவர் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்ததற்காக நான் மகிழ்ந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

5

வீட்டில் இதன் பலன் வேறு மாதிரி இருந்தது. எங்கள் ரீனாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. பேச வைக்க நான் செய்யாத தந்திரம் இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து இரண்டு தடவை தப்பித்து ஓடினவள். ஊருக்குப் போனால் பெரியம்மாவிடம் தலையை ஆட்டியே காலத்தை ஓட்டிவிடுவாள். அவள் என்னிடமிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து போவது தெரிந்தும், என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன்.

சாட்சி சொன்ன அன்று இரவுச் சாப்பாட்டில் நீதிபதி மாதிரியும் அரசு வக்கீல் மாதிரியும் நடித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள், அறையைச் சுத்தம் பண்ணினாயா என்று கேட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து, எழுத்துக்கு எழுத்து அழுத்தி, பதில் வந்தது.

"நான் அறையைச் சுத்தம் செய்யவில்லை என்று சொன்னால் சரியல்ல."

அவள் சொந்தமாகக் கட்டிச் சொன்ன முதல் முழுத் தமிழ் வாக்கியம் அது. அறையை எட்டிப் பார்த்தேன், குப்பைமேடு. பொய் சாட்சிதான். ஆனாலும் நான் அந்தச் சந்தோஷத்தில் திட்டவில்லை. இப்போது எங்கள் வீட்டில் மூன்று பேரும் கோர்ட்டுத் தமிழில்தான் சண்டை போடுகிறோம். சேவியர் பாத்திரம் கழுவ மறந்தால் வாய்தா கேட்கிறார். பெரியம்மா கூப்பிட்டால் ரீனா ஓடிவந்து போனைப் பிடுங்குகிறாள். "வழக்கு எந்த நிலையில் இருக்கிறது பெரியம்மா?" என்று கேட்கிறாள். அக்கா நெகிழ்ந்துபோய், வயசான வக்கீலிடம் பேசுவது போல மரியாதையாகப் பதில் சொல்கிறாள்.

6

துறை அதிகாரி கூண்டேறிய நாளை அக்கா விடுப்புப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். வழக்கமாக அவர் அறை வாசலில் மற்றவர்கள்தான் நிற்பார்கள். அன்றைக்கு அவர் நின்றார். எங்கள் வக்கீல் ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தச் சுவரைக் கட்டச் சொல்லி யார் உத்தரவு போட்டது?

அதிகாரி, தனக்கு முன்னால் இருந்தவர் காலத்தில் கட்டியது என்றார். முன்னால் இருந்தவருக்கு யார் சொன்னது? கோப்பில் இருக்கும் என்றார். கோப்பைக் கொண்டு வந்திருக்கிறீர்களா? கொண்டு வந்திருந்தார். அதில் உத்தரவு இல்லை. நீதிபதி வாங்கித் தானே ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தாராம். யாருமே கட்டச் சொல்லவில்லை. கடைசியில் அதிகாரியே ஒப்புக்கொண்டார்: ஊரடங்கில் வேறு எதற்கோ வந்த கல் மிச்சமிருந்தது, ஆளும் சும்மா இருந்தார்கள், கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் அந்தச் சுவரின் வரலாறு. மாதேவியின் வேலை போனதற்கு யாருடைய பகையும் காரணமில்லை, மிச்சக் கல்தான் காரணம் என்று தெரிந்தபோது எனக்குத் திட்டக்கூட ஆள் கிடைக்கவில்லை.

தீர்ப்பு வந்தது. வழி இருந்தது, தெருவுக்கு அதில் உரிமை இருக்கிறது, சுவர்களைத் துறையே தன் செலவில் எடுக்க வேண்டும். அப்பீல் போவார்கள் என்று பயந்தோம். போகவில்லை. தில்பசந்த் மேல்கோர்ட்டிலும் வாசிக்கப்படும் என்று யோசித்திருக்கலாம். ஆனால் சுவரையும் எடுக்கவில்லை. அக்கா மறுபடி கோர்ட்டுக்குப் போனாள். உத்தரவை நிறைவேற்ற அனுப்பப்படும் கோர்ட் அமீனா தீர்ப்பின் நகலோடு கிடங்கு வாசலில் வந்து நின்றார். அவர் கையில் தடிகூடக் கிடையாது, ஒரு காகிதம் மட்டும்தான். அன்று மதியமே கடப்பாரைகள் வந்துவிட்டன.

ஓர் ஆள் உயரத்துக்குப் புழுதி பறக்கச் சுவர் விழுவதை வீடியோவில் பார்த்தேன். மருத்துவமனையில் இடைவேளை நேரம். ஷெரிலும் தோள் மேல் எட்டிப் பார்த்தாள். கடைசிக் கல் விழுந்ததும் அவள்தான் முதலில் கைதட்டினாள்.

7

அக்கா சொன்னபடியே அஞ்செட்டிக்குப் போனாள். மாதேவியின் அப்பா முதலில் முகம் கொடுக்கவில்லையாம். அக்கா தீர்ப்பை எடுத்துப் படித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "அரசாங்கமே சோத்தோயித்தா?" என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். அரசாங்கமே தோற்றுப்போனதா? அவருக்கு அதை நம்பவே அரை நாள் ஆனது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாங்கள் அக்காவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா தன் மகனின் போனை ஜன்னலுக்கு எதிரே அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு ரீனாவுக்கு வழக்கின் கடைசிக் கட்டத்தை விவரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்த பட்டன் போன் அடித்தது. எடுத்தாள். மாதேவி. நாளைக்கு முதல் ஷிப்டில் சேரப் போகிறாள். அஞ்செட்டி பஸ் தாமதமாகிவிட்டது. இப்போதுதான் நெடுஞ்சாலையில் இறங்கியிருக்கிறாள், வழியின் முனையில் நிற்கிறாள். இருட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் குரல் ஸ்பீக்கரில் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு உரக்கப் பேசினாள், பயத்தில்.

"அக்கா, நீங்க வரீங்களா? இல்ல, நான் அப்பிடியே சுத்திக்கிட்டு வரட்டுமா?"

அக்கா செருப்பைத் தேடக் குனிந்தவள் நிமிர்ந்தாள். நகராட்சிக் கம்பத்தில் புது விளக்கு எரிவது ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது. அக்கா செருப்பைப் போடவில்லை. ஜன்னலருகே வந்து நின்றுகொண்டாள்.

"எதுக்கு சுத்தணும்? நேரா வா. தனியாவே வா, மாதேவி. கோர்ட்டு சொல்லியிருக்குது."

நாங்கள் மூன்று பேரும் இங்கே திரையை நெருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் கல்லின் மேல் பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. விளக்கு வெளிச்சத்துக்குள் அந்தப் பெண் நடந்து வந்தாள். ஓடவில்லை.